மைனருக்கு வந்த தாகம்

கினிகத்தேனையைக் கடந்து வட்டவளையை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பாதையில் மழை பெய்வது செய்தியாகாது. பெய்யாமல் இருந்தால்தான் செய்தி. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழையைப் பெறும் பிரதேசம் அது. இலங்கையின் மிக ஈரமான இடங்களுள் ஒன்றென்று மாணவர்கள் புவியியற் பாடத்தில் படித்திருப்பார்கள். அப்பேர்ப்பட்ட இடத்திலே, வானம், மலைச்சரிவு, பாதையோரக் கான் என எங்கு நோக்கினும் தண்ணீர் பெருகியோடிய வேளையிலே, நம்முடைய மோட்டார் வண்டி தாகத்தால் தவித்து நின்றுவிட்டது.

முதலில் வண்டியின் முன்பலகையில் சிவப்பு விளக்கொன்று எரிந்தது. அது எரியக்கூடாத விளக்கு என்பது நமக்குத் தெரியும். ஏன் எரிகிறது என்பது தெரியாது. தெரியாதவர் யாவரும் செய்வதையே நாமும் செய்தோம். பார்த்துக்கொள்வோம் என்று ஓட்டிக்கொண்டே போனோம். இரண்டு வளைவுகள் திரும்புவதற்குள் முன்மூடியின் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பியது. கண் வைத்தியத்துக்காகக் கொழும்பு சென்று நம்மோடு திரும்பிக்கொண்டிருந்த மாமியார், பின்னாசனத்தில் இருந்தபடியே, "அவர் இருந்த காலத்தில் இந்த வண்டி ஒருநாளும் வழியில் நின்றதில்லை" என்றார். யாரையும் குறை சொல்லும் தொனியில் அவர் அதைச் சொல்லவில்லை. அதனாலேயே அது அதிகமாகச் சுட்டது.

'அவர்' என்றது நம் மாமனாரை. டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து, 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்று. பெயரில்தான் அவர் மைனர். வயதில் நம்மைவிட இருபது ஆண்டுகள் மூத்தவர்.

இந்த வண்டியின் குலப்பெருமையை இரண்டொரு வரிகளில் சொல்லிவிடலாம். அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த மைனர், 1948ஆம் ஆண்டு ஒக்டோபரில் லண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டின் இறுதியில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. பிரித்தானிய மோட்டார் வண்டிகளில் அந்த எண்ணிக்கையை முதன்முதலில் எட்டியது இதுவே. நம் நாட்டிலோ அதன் ஆயுள் வேறொரு காரணத்தால் நீண்டது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து இறக்குமதிக்குக் கதவு சாத்தப்பட்டபோது, இருந்த வண்டியைச் சாகவிடாமல் காப்பது ஒரு கலையாகவே வளர்ந்தது. இங்கிலாந்திலே மைனர் அருங்காட்சிப் பொருளாகிவிட்ட 1990களில், அதற்குரிய தகட்டுப் பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்றால் நம்பச் சற்றுக் கடினமாயிருக்கும். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் தடைப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேதான் தனியார் வண்டிகளுக்கு வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டி வைத்திருந்தவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

மழைக்குள் நின்ற வண்டிக்கு வருவோம். முன்மூடியைத் திறந்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. எஞ்சினின் முகப்பில் ஓடும் இறப்பர்ப் பட்டி, 'பேன் பெல்ட்' என்று எல்லாரும் சொல்வது, அறுந்து பாம்புச் சட்டைபோல் கிடந்தது.

அந்த ஒற்றைப் பட்டியை நம்பி எத்தனை காரியங்கள் நடக்கின்றன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கீழே எஞ்சினின் பிரதான அச்சில் ஒரு கப்பி. பக்கத்தில் மின்சாரம் பிறப்பிக்கும் டைனமோவில் ஒரு கப்பி. மேலே தண்ணீர்ப் பம்பில் ஒரு கப்பி. இம்மூன்றையும் சுற்றி ஓடுகிறது பட்டி. காற்றை இழுக்கும் விசிறியும் பம்பின் கப்பியோடேயே பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே பட்டி அறுந்ததும் டைனமோ நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. பம்பும் விசிறியும் கூடவே நின்றன. தண்ணீர் அசையாமல் கிடந்து கொதித்தது. விளக்கு நமக்கு முன்கூட்டியே தந்தி அடித்திருக்கிறது. நாம்தான் அதைப் பிரித்து வாசிக்கவில்லை.

நம் மலைப்பிரதேசத்தில் தண்ணீர்தான் சக்கரத்தைச் சுழற்றும். காசல்ரீயிலும் மவுசாகலையிலும் தேங்கும் நீர், குழாய்வழி இறங்கி லக்சபானப் பக்கத்து மின்நிலையங்களில் சுழலிகளைச் சுழற்றுவதை நம்மூர்ப் பிள்ளைகள் அறிவார்கள். மோட்டார் வண்டியில் நடப்பது இதன் மறுதலை. அங்கே சக்கரம் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிறது. எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய நீரை ரேடியேற்றருக்குத் தள்ளி, ஆறிய நீரை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்துவதே பம்பின் வேலை. ஆதியில் வந்த மைனர்களில் பம்பே கிடையாது. சூடான நீர் இலேசாகி மேலே எழும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும் என்ற இயற்கை நியதி ஒன்றை மாத்திரம் நம்பி அவை ஓடின. சமவெளிக்கு அது போதும். ஏற்றத்துக்குப் போதுமோ என்பதை வட்டவளையில் நின்று யோசித்தோம்.

இன்னொன்றும் உண்டு. மலையேற ஏறக் காற்றின் அமுக்கம் குறைவதால் தண்ணீர் விரைவில் கொதிக்கும். கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனில் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 போதும். இந்தக் குறையை ஈடுசெய்யத்தான் ரேடியேற்றருக்கு அமுக்க மூடி போடுகிறார்கள். மைனரின் மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கி, கொதிநிலையைச் சுமார் பதினொரு பாகை உயர்த்திவிடும். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்தால் என்ன நேரும் என்பதும் இதிலிருந்தே விளங்கும். அடக்கி வைத்த கொதிநீர் முழுவதும் முகத்தில்தான் பாயும். அது மாத்திரம் நமக்குத் தெரிந்திருந்தது. முக்கால் மணி நேரம் காத்திருந்து, பாதையோர ஊற்றிலிருந்து நீர் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம்.

மாமனார் பின்பெட்டியில் எப்போதும் மாற்றுப் பட்டியொன்று வைத்திருப்பார். அதை எடுத்து, பெரிய திருப்புளி ஒன்றைக் கப்பியின் விளிம்பில் ஊன்றி, நெம்பி நெம்பி ஏற்றினோம். ஏறிவிட்டது. வெற்றிப் பெருமிதத்தோடு வீடு வந்து சேர்ந்தோம். அந்த வருடத்தில் அது மூன்றாவது பட்டி.

மூன்றாவது என்ற எண்தான் மறுநாள் நம்மை யோசிக்க வைத்தது. நல்ல பட்டி ஆண்டுக்கணக்கில் ஓடும். அறுந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தோம். ஒரு பக்க ஓரம் மாத்திரம் எலி கொறித்ததுபோல் இருந்தது. எஞ்சின் ஆறிக் குளிர்ந்திருந்த வேளையில் பம்புக் கப்பியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே வந்தபோது, ஓரிடத்தில் விளிம்பு உட்புறமாக மடிந்து கூராக நின்றது. அழுத்திச் செய்த தகட்டுக் கப்பி. அதில் திருப்புளியை ஊன்றி நெம்பினால் மடியாமல் என்ன செய்யும்? முந்தின வருடம் முதற்பட்டியை மாற்றியபோதும் நாம் அவ்வாறேதான் நெம்பினோம். குற்றவாளியைத் தேடிப் போனவன் தன் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்த கதையாயிற்று.

வழக்கமாக வண்டியைப் பார்த்து வந்த பாஸ் கட்டாருக்குப் போய்விட்டார். இளைய பாஸ்மார் ஜப்பான் வண்டிகளில் கைதேர்ந்தவர்கள். மைனரைக் கண்டால் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கப்பியை நாமே மாற்றுவதென்று தீர்மானித்தோம். பதினைந்து வருடங்களாக உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் கற்பிக்கிறோம். 'இலேசான ஒப்பமான கப்பி ஒன்றின் மேலாகச் செல்லும் நீளா இழை' என்று தொடங்கும் கணக்குகளைக் கரும்பலகையில் ஆயிரம் முறை செய்திருக்கிறோம். எடையும் உராய்வும் உடைய ஒரு கப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தது அதுவே முதற்றடவை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

கொழும்பில் பழைய மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன இடம் பஞ்சிகாவத்தை. ஹட்டனிலிருந்து ரயிலேறிப் போய், வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொன்னோம். "பழசைக் கொண்டு வந்தீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். கொண்டு போகவில்லை. அவர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தோம். பெற்றரியின் இணைப்பைக் கழற்றினோம். விசிறிக்கும் ரேடியேற்றருக்கும் நடுவே, ரேடியேற்றரின் மெல்லிய தகடுகள் சிதையாதிருக்கப் பழைய தேயிலைப் பெட்டியின் பலகைத் துண்டொன்றைச் செருகினோம். இவை இரண்டும் சரியாகச் செய்தவை. பிறகு டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்திப் பட்டியைக் கழற்றிவிட்டு, விசிறியையும் கப்பியையும் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளில் ஸ்பேனரை வைத்துத் திருப்பினோம். போல்ட் கழலவில்லை, கப்பியே சேர்ந்து சுற்றியது. இடக்கையால் விசிறியைப் பிடித்துக்கொண்டு திருப்பினோம். ஸ்பேனர் வழுக்கி விரல்முட்டி சிராய்ந்தது.

உயர்தர மாணவன் ஒருவன் கணக்கொன்றில் சந்தேகம் கேட்பதற்காக அப்போது வந்திருந்தான். அமைதியான பிள்ளை. கொப்பியை மார்போடு அணைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவன், சற்றுத் தயங்கி, "பெல்ட்டைத் திரும்பப் போட்டு இறுக்குங்க சேர். அது கப்பியைப் பிடிச்சுக்கும்" என்றான்.

எவ்வளவு எளிய விஷயம்! பட்டி இறுக்கமாக இருக்கும்போதே நான்கு போல்ட்டுகளையும் கால் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். அதன் பிறகே பட்டியைக் கழற்ற வேண்டும். "இது மில்லிமீற்றர் ஸ்பேனர், சேர். 12 ஆடும், 11 ஏறாது. அங்குல ஸ்பேனர், பதினாறில் ஏழு வேணும்" என்றும் சொன்னான். மாமனாரின் தகரப் பெட்டியைக் கிளறியபோது அடியில் அது கிடந்தது. பையன் கொப்பியைத் திண்ணையில் வைத்தான். நான்கு போல்ட்டுகளும் அவன் கைக்குக் கட்டுப்பட்டு வந்தன.

எங்கே படித்தாய் என்று கேட்டோம். தகப்பனார் தோட்டத்து ஸ்டோரில் பிட்டர் என்றான். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தார் 'ஸ்டோர்' என்றே வழங்குவது வாசகர் அறிந்தது. சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மாலைவரை அங்கேயே நிற்பானாம். "நான் இதில் கை வச்சேன்னு அப்பாவுக்குச் சொல்லிடாதீங்க சேர்." ஏன் என்றோம். "பெல்ட்டில் மாட்டி அவருக்கு ரெண்டு விரல் நுனி போச்சு. நான் ஸ்பேனரைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

அந்தக் கணமே நாம் அவனை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. வேலை பாதியில் நின்றது ஒரு காரணம். அவன் முகம் மற்றொரு காரணம். வகுப்பில் ஒருநாளும் அந்தப் பிள்ளையின் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நாம் கண்டதில்லை.

புதிய கப்பி நான்கு துளைகளிலும் அழகாகப் பொருந்தியது. விசிறியைப் பூட்டி, பட்டியைக் கையாலேயே ஏற்றி, டைனமோவை வெளியே இழுத்து இறுக்கினோம். பெற்றரியை இணைத்து எஞ்சினை முடுக்கியதும் ஓடியது. நாம் மகிழ்ச்சியோடு கைகளைத் துடைத்துக்கொண்டோம். பையன் தள்ளி நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "கீச்சுன்னு ஒரு சத்தம் வருதே, சேர்." நமக்குக் கேட்கவேயில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, பெற்றரியை மறுபடி கழற்றச் சொன்னான். பின் நம் வீட்டிலிருந்த நீண்ட மரக்கோலை வாங்கி, பட்டி கீழ்க் கப்பியிலிருந்து மேற்கப்பிக்குச் செல்லும் வழியோடு ஒட்டிப் பிடித்தான். பட்டி நேராகச் செல்லவில்லை; மேலே கால் அங்குலம்போல் விலகிச் சாய்ந்தது.

மைனரின் எஞ்சின் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. 1951ஆம் ஆண்டில் ஒஸ்டின் ஏ30 வண்டிக்கென வந்த அதே இனம், மினி வண்டியில் 2000ஆம் ஆண்டுவரை நீடித்தது. ஒன்றுவிட்ட சகோதரர்களின் சட்டைபோல, ஒன்றின் கப்பி மற்றொன்றின் பம்பில் ஏறிவிடும். ஆனால் ஆழம் வேறுபடும். இத்தகைய பட்டி அடிப்புறத்தால் கப்பியைப் பிடிப்பதில்லை. இரண்டு சாய்ந்த பக்கங்களாலும், மரப்பிளவில் அடித்த ஆப்புப்போல நெருக்கிப் பிடிக்கிறது. ஆகையால் சற்றே கோணினாலும் ஒரு பக்கம் மாத்திரம் தேயும். நான்காவது பட்டியும் முந்தின மூன்றின் வழியே போயிருக்கும்.

வாஷர்களை அடுக்கிக் கப்பியை முன்னே தள்ளலாமே என்றோம். கணித ஆசிரியருக்குத் தோன்றக்கூடிய யோசனைதான். பையன் தலையசைத்தான். பம்பின் குடத்தில் நடுவே சிறு மேடு இருக்கிறது. கப்பியின் நடுத்துளை அதில் உட்கார்ந்தால்தான் மையம் தவறாமல் சுற்றும். வாஷர் போட்டால் அந்தப் பிடி போய்விடும், விசிறியோடு சேர்ந்து ஆடும், பம்பின் பேரிங் கெட்டுவிடும் என்றான். மறுவாரம் பழைய கப்பியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு மீண்டும் ரயிலேறினோம். கடைக்காரர் இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். அதே விலைக்கு மாற்றித் தந்தார் என்பதையும் நன்றியோடு எழுதி வைக்கிறோம்.

இரண்டாம் முறை ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கோல் பிடித்துப் பார்த்தோம், நேராக இருந்தது. பையன் மண்ணெண்ணெய்யாலும் சவர்க்காரத்தாலும் நகக்கண் வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீடு போனான்.

ஆனால் மண்ணெண்ணெய் வாசனை தானே சாட்சி சொல்லிவிடும் என்பதை நாமும் அவனும் மறந்துபோனோம். ஞாயிறு காலையில் தகப்பனார் வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, வாரிய தலை. பின்னால் பையன் தலைகுனிந்து நின்றான். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. வலக்கையின் நடு இரு விரல்கள் முதற்கணுவோடு முடிந்திருந்தன.

"எஞ்சின் ஓடுறப்ப இவன் கை வச்சானா, மாஸ்டர்?"

அவர் கேட்டது அந்த ஒரே கேள்விதான். இல்லை, பெற்றரியைக் கழற்றிய பிறகே தொட்டான், இரண்டாம் முறை அவனாகவே கழற்றச் சொன்னான் என்றோம். அவனுடைய அனுமதியில்லாத இரகசியத்துக்கு நாம் உடந்தையாயிருந்ததற்கு மன்னிப்பும் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மூடியைத் திறங்க, பார்ப்போம்" என்றார்.

பார்த்துக்கொண்டே பேசினார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஸ்டோரின் கூரையோடு நீண்ட அச்சொன்று ஓடுமாம். அதிலிருந்து தட்டையான தோல்பட்டிகள் இறங்கி ஒவ்வொரு ரோலரையும் சுழற்றும். அந்தக் கப்பிகளின் முகம் நடுவில் இலேசாகப் புடைத்திருக்கும். பட்டி எப்போதும் மேட்டை நோக்கியே ஏறும் இயல்புடையது; அதனால் ஓரம் வழுவாது நடுவிலேயே நிற்கும். ஒரு நாள் ஓடும் பட்டிக்குப் பிசின் தடவப் போனார். இன்று ஒவ்வொரு ரோலருக்கும் தனி மோட்டார் வந்துவிட்டது. "அப்ப யாரும் நிப்பாட்டித் தடவுறதில்ல, மாஸ்டர். நிப்பாட்டினா கொழுந்து தேங்கிடும்."

பட்டியின் நீண்ட பகுதியை அந்தக் கையின் பெருவிரலால் அழுத்தினார். அரை அங்குலம் அமிழ வேண்டும் என்றார். அது இறுக்கமாக இருந்தது. "இப்படி இருந்தா பேரிங்கைத் தின்னுடும்." பையனைத் திரும்பிப் பார்த்து ஒரு நொடி நின்றார். பிறகு ஸ்பேனரை அவனிடம் நீட்டினார். அவன் டைனமோவைத் தளர்த்தி, சற்று உள்ளே தள்ளி, மறுபடி இறுக்கினான். தகப்பனார் மீண்டும் அழுத்திப் பார்த்துத் தலையசைத்தார்.

எஞ்சினை முடுக்கச் சொல்லி, மகனை இரண்டடி பின்னே நிற்கவைத்துவிட்டு, நீண்ட திருப்புளியின் நுனியைப் பட்டிக்கு எட்டாத இடத்தில் பம்பின் உடலிலும், பிடியைத் தன் காதிலும் வைத்துக் கேட்டார். டொக்டர் நெஞ்சைச் சோதிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். உள்ளேயிருந்து நம் மாமியாரும் வந்து படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரிங் லேசா முனகுது. இன்னும் ஒரு வருஷம் போகும், மாஸ்டர். பிறகு பம்பையே மாத்தணும். அப்ப சொல்லியனுப்புங்க" என்று திருப்புளியைத் துடைத்துக் கொடுத்தார். "இவன் பரீட்சையும் முடிஞ்சிருக்கும்."